பொன்னையன் கண்ட நான்கு சொப்பனங்கள்

“பத்திரமா வச்சேன்னு ஓர்ம உண்டு மக்கா. எங்க வச்சேன்னுதான் ஓர்ம வரல்ல.”

பொன்னையன் இதனைச் சொல்லிவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துகொண்டார். குற்றமறியாத முகம். எதிரே நின்ற ராபின்சன் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான்.

காணாமற்போனது ஒரே ஒரு காகிதம். கேரள எல்லையிலுள்ள பாறசாலைக்குக் கிழக்கே, வெள்ளறடைக்குப் போகும் சாலையோரத்தில் ஊர் வாசகசாலை நிற்கிறது. அது நிற்கும் மூன்று சென்ட் நிலத்தை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு தங்கய்யன் என்னும் நல்ல மனிதர் தம் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தார். பதிவு செய்யவில்லை. இப்போது அவருடைய பேரன் வளைகுடாவிலிருந்து வந்திறங்கி, “தாத்தன் எழுதின பேப்பரைக் காட்டினா நான் ஒதுங்கியேன். இல்லேன்னா எடத்தை ஒழிச்சுத் தரணும்” என்று மனுக் கொடுத்துவிட்டான். வருகின்ற திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு நெய்யாற்றின்கரைத் தாலுகா அலுவலகத்தில் விசாரணை. காகிதம் இல்லையென்றால் வாசகசாலையும் இல்லை.

வாசகசாலையின் செயலாளன் ராபின்சன். மூன்றாண்டுகளுக்கு முன்பு அதன் கூரை ஒழுகியபோது, காகிதத்தை ஒரு பிஸ்கட் டின்னில் இட்டு, முப்பதாண்டுக் காலம் நூலகராக இருந்து ஓய்வுபெற்ற பொன்னையனிடம் கொடுத்து வைத்தவனும் அவனே. இவையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளத் தக்கவை. பாறசாலைச் சந்திப்பில் நகலெடுக்கும் கடை வைத்திருப்பவனும் அவனேதான் என்பதைத்தான் அவனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஊரிலுள்ள ஒவ்வொருவருடைய ரேஷன் அட்டைக்கும், திருமணச் சான்றிதழுக்கும், மருத்துவச் சீட்டுக்கும் நகலெடுத்துக் கொடுத்த அந்தக் கைகள் இந்தக் காகிதத்துக்கு மட்டும் நகலெடுக்கவில்லை.

“ஒரு பட்டனை அமுக்க உங்களுக்கு மூணு வருஷமா நேரம் கிட்டல்ல, இல்லியா?” என்று அவன் மனைவி ஜிஜா கேட்டாள். அன்று அவன் காலையுணவு உண்ணாமலே வீட்டைவிட்டுப் புறப்பட்டான்.

விசாரணைக்கு ஒரு வாரம் முந்தின அந்தத் திங்கட்கிழமை முழுவதும் பொன்னையன் வீட்டைப் புரட்டினார்கள். கட்டிலைக் கவிழ்த்தார்கள். அலமாரியைக் காலி செய்தார்கள். குருவாயூரப்பன் படத்துக்குப் பின்னாலும் பார்த்தார்கள். பொன்னையனின் மருமகள் ஸ்ரீகுமாரி கலைந்த துணிகளை ஒன்றும் பேசாமல் மடித்துக்கொண்டிருந்தாள்.

மாலையில்தான் ராபின்சனுக்கு அந்த எண்ணம் உதித்தது. குற்றம் முழுவதும் முந்தின நாள் காட்டிய சினிமாவினுடையது.

வாசகசாலைக்கு ஒரு பிலிம் சொசைட்டி உண்டு. அவ்வாண்டு அது ‘மனமும் மர்மமும்’ என்ற தலைப்பில் பழைய கறுப்பு வெள்ளைத் திகில் படங்களைத் தேடிப்பிடித்துத் திரையிட்டது. ஞாயிற்றுக்கிழமை காட்டிய படத்தில் பியானோ வாசிக்கும் ஒருவன் வருகிறான். தன் அண்ணனைக் கொன்றவன் தானா இல்லையா என்பது அவனுக்கே நினைவில்லை. தாடி வைத்த மனநல மருத்துவர் ஒருவர் அவனை மெத்தையில் படுக்கவைத்துக் கனவைக் கேட்கிறார். தொப்பியணிந்த குதிரையொன்று பனி பெய்யும் மாடிப்படியில் ஏறிச் சென்றதாக அவன் சொல்கிறான். குதிரை அவனுடைய மாமன், பனி கோதுமை மாவு, மாடிப்படி சமையலறைக்குப் போகும் வழி என்று மருத்துவர் மூன்றே நிமிடங்களில் சொல்லிவிடுகிறார். மாவுப் பீப்பாயில் கையை விட்டால் துப்பாக்கி வருகிறது. மனித மனத்தை இவ்வளவு விரைவாகத் திறந்து மூடும் துணிச்சல் சினிமாவுக்கு மட்டுமே வாய்க்கும்.

படம் முடிந்ததும் ராபின்சன் எழுந்து அரை மணி நேரம் விளக்கவுரை ஆற்றினான். கனவில் வருவது எதுவும் அதுவாக இராது, வேறொன்றாக இருக்கும் என்றான். நீர் என்றால் ஆழம், பறத்தல் என்றால் உயரம், மண் என்றால் புதைத்து வைத்தது என்று ஒரு பட்டியலும் கொடுத்தான். முன்வரிசையில் அமர்ந்திருந்த பொன்னையன் கூர்ந்து கேட்டார்.

சோனா மட்டும் மறுத்தாள். அவள் திருவனந்தபுரத்தில் உளவியல் மேற்படிப்புப் படிப்பவள். அப்படத்துக்கு மலையாள வசனங்களை எழுதி ஓடவிட்டவளும் அவளே.

“அண்ணா, எந்த டாக்டரும் சொப்பனத்தைக் கேட்டு ஒரு சாமானத்தைக் கண்டுபிடிக்க மாட்டாங்க. சினிமாக்காரங்களுக்கு ரெண்டு மணிக்கூருல கதை முடியணும். அதுக்காகச் சொப்பனத்தைப் பூட்டு ஆக்கி, டாக்டரைத் தாக்கோல் ஆக்கியிருக்காங்க.”

“பூட்டுன்னு ஒண்ணு இருந்தா தாக்கோலும் உண்டு பிள்ளே” என்றான் ராபின்சன்.

ஆகவே திங்கட்கிழமை மாலையில், துணிகள் மடிக்கப்பட்டுக்கொண்டிருந்த அவ்வேளையில், அவன் பொன்னையனின் கட்டிலருகே குனிந்தான்.

“அண்ணே, ஓர்ம எங்கயும் போவல்ல. அடியில கெடக்கு. ராத்திரி என்ன சொப்பனம் கண்டாலும் நாளைக்குக் காலத்த ஒண்ணையும் மறைக்காம என்னட்ட சொல்லணும்.”

“காணல்லேன்னா?”

“காணும் அண்ணே. அடக்கி வச்ச ஓர்ம சொப்பனமாத்தான் வெளிய வரும்.”

பொன்னையன் சிறிது நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“செரி. காணியேன்” என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ராபின்சன் வந்தபோது பொன்னையன் கட்டிலில் தயாராகப் படுத்திருந்தார். படத்தில் கண்டவாறே ராபின்சன் அவருடைய தலைமாட்டில் நாற்காலி போட்டு, நோயாளியின் கண்ணில் படாமல் உட்கார்ந்தான்.

“சொல்லுங்க அண்ணே.”

“இடுப்பளவு தண்ணியில நிக்கியேன். தண்ணி கலங்கிக் கெடக்கு. அடியில இருந்து எனக்க அம்ம கூப்பிடுது.”

“என்ன சொல்லிக் கூப்பிடுது?”

“‘எலே பொன்னையா, இஞ்ச அடி வரைக்கும் வாலே’ன்னு கூப்பிடுது.”

ராபின்சன் நாற்காலியை முன்னுக்கு இழுத்தான். இவ்வளவு தெளிவான கனவை அவன் எதிர்பார்க்கவில்லை. நீர், ஆழம், தாய்! டின் கிணற்றுக்குள் விழுந்திருக்கிறது. விழுந்ததைக் கண்ட அதிர்ச்சியை மனம் அடக்கிவிட்டது.

பிலிம் சொசைட்டியைச் சேர்ந்த ஆறு பேர் அரை மணியில் வந்துசேர்ந்தார்கள். வாசகசாலைக்கு ஏதேனும் வேலை என்றால் ஊரார் கூலியின்றி வந்து செய்வது அங்கே பழைய வழக்கம். ஆட்டோ ஓட்டும் சஜி, ஆறு பேரிலும் வலியவன் ஆகையால், கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினான். நீரை இறைக்க ராபின்சன் தன் வீட்டு மோட்டாரையே கழற்றி எடுத்து வந்தான். மாலை நான்கு மணி வரையில் சேற்றை வாரி வெளியே கொட்டினார்கள். இரண்டு வாளிகளும் ஒரு பித்தளைச் செம்பும் கிடைத்தன. டின் கிடைக்கவில்லை.

“அந்தச் செம்பு ஓணத்துக்குக் காணாமப்போனதாக்கும்” என்றார் பொன்னையன். “அது கெணத்துல விழுந்தது எனக்குத் தெரியவே தெரியாது.”

“மனசுக்குத் தெரிஞ்சிருக்கு, பாத்தியளா!” என்றான் ராபின்சன். முறை சரியானதுதான், ஆழம்தான் சற்றுத் தவறிவிட்டது என்று அவன் முடிவு செய்தான்.

மோட்டார் அதற்குள் கருகி நாற்றமடித்தது.

“குளிக்க ஒரு சொட்டுத் தண்ணி இல்ல” என்றாள் ஜிஜா. “உங்களுக்க மன சாஸ்திரம் எனக்க வீட்டு மோட்டாரில வேண்டாம். கேட்டியளா?”

புதன்கிழமைக் கனவு இன்னும் நயமாக இருந்தது.

“நான் பறக்கியேன் மக்கா. கீழ பாத்தா புத்தகம். நூறு இருநூறு புத்தகம் விரிச்சபடி கமந்து கெடக்கு. எல்லாம் செவப்பு அட்டை. இடையிடையில இருட்டு ஒழுகுது.”

“இருட்டு ஒழுகுதா?”

“ஆமா. சொட்டுச் சொட்டா.”

ராபின்சன் நெடுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். முப்பதாண்டுகள் நூலகராக இருந்தவருக்குப் புத்தகம் தோன்றுவது இயல்பு. ஆனால் புத்தகம் புத்தகமாக இராது என்பதுதானே விதி? விரித்தபடி கவிழ்ந்து கிடக்கும் சிவப்புப் பொருள் எது? அவன் நாற்காலியிலிருந்து துள்ளியெழுந்தான்.

“ஓடு! அண்ணே, ஓடு! பின்கெட்டுக் கூரைக்க ஓடாக்கும்!”

“நமக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நீ படிச்சவன்” என்றார் பொன்னையன்.

பின்கட்டுக் கூரையிலிருந்த ஓடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். பாசியைச் சுரண்டினார்கள். டின்னை எந்த ஓட்டிடுக்கிலும் காணவில்லை. கழற்றியதை அப்படியே விட்டுவிட்டுப் போவது முறையாகாது ஆகையால், உடைந்தவற்றை நீக்கி, நல்லவற்றை நெருக்கி அடுக்கி மீண்டும் வேய்ந்தார்கள். கடைசி மூலையில் குளவிக் கூடு ஒன்று இருந்தது. அதனை முதலில் கண்டவன் ராபின்சன். அவனைக் குளவிகள் அதற்கும் முன்பே கண்டுவிட்டன.

வீட்டுக்கு வந்து கதவைத் தட்டியபோது ஜிஜா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

“ஆரு வேணும்?”

“நான்தான் பிள்ளே.”

“நான்தான்னா ஆரு?”

அவன் குரலை அடையாளங்கண்டபின்தான் கதவைத் திறந்தாள். அன்று மாலை வீட்டு ஜெபக்கூட்டத்தில் அவன் பெயரைச் சொல்லி விண்ணப்பம் ஏறெடுக்கப்பட்டதை அவன் மறுநாள்தான் அறிந்தான். நோயாளிகளின் பட்டியலில் அல்ல, வழி தவறியவர்களின் பட்டியலில்.

சோனா கடைக்கு வந்து எதையோ நகலெடுத்துக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தாள்.

“அண்ணா, ஒருத்தர் சொப்பனம் இவ்வளவு வரிசையா, தலையும் வாலும் வச்சு வராது. பாதி மறந்துபோகும். ஒண்ணுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கும். பொன்னையன் மாமனுக்கது சினிமாச் சொப்பனம் மாதிரி இருக்கு.”

“சினிமா பாத்துதானே அவருக்கு மனசு திறந்திருக்கு” என்றான் ராபின்சன், வீங்கிய உதடுகளுக்கிடையே.

வியாழக்கிழமை பொன்னையன் கனவைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார்.

“வீட்டுக்குப் பொறத்தால மண்ணுக்குள்ள இருந்து வெரலு வருது மக்கா. வெள்ளை வெரலு. தடிச்ச வெரலு. நூறு எண்ணம் இருக்கும். எல்லாம் என்னை வா வான்னு கூப்பிடுது.”

உடனிருந்த சஜி சற்றுப் பின்வாங்கினான். “எலே, இது பிரேதப் படமாக்கும். நான் வரல்ல.”

“பயப்படப்படாது” என்றான் ராபின்சன். “வெரல்னா சுட்டிக் காட்டுதது. எங்க சுட்டுது? மண்ணை! அண்ணன் டின்னை மண்ணுல பொதச்சு வச்சிருக்கியாரு.”

வீட்டின் பின்னால் இரண்டு சென்ட் நிலம் கெட்டியாகிக் கிடந்தது. ஆறு பேரும் மண்வெட்டியுடன் இறங்கினார்கள். முழங்கால் ஆழத்துக்குக் கிளறியும் ஒன்றும் அகப்படவில்லை. நடுவெயிலில் பொன்னையன் குடை பிடித்து வந்து நின்றார்.

“கெளறின மண்ணைச் சும்மா பரத்தி இடப்படாது மக்கா. தோண்டினது ஏது, தோண்டாதது ஏதுன்னு தெரியண்டாமா? ரெண்டு முழத்துக்கு ஒண்ணாக் குவிச்சு வையுங்க.”

ராபின்சன் வியந்தான். எழுபத்துநான்கு வயதில் இத்தகைய ஆராய்ச்சி ஒழுங்கு! அன்று மாலைக்குள் இரண்டு சென்ட் நிலமும் கயிறு பிடித்தாற்போன்ற வரிசையில் குவியல் குவியலாக எழுந்து நின்றது.

“இந்த மன சாஸ்திரத்துல டாக்டருக்கு மட்டும் நாற்காலி” என்று சஜி இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினான். “நமக்கு மண்வெட்டி.”

அதற்குள் ஊரில் வேறொரு கதை கிளம்பிவிட்டது. பொன்னையன் வீட்டில் புதையல் இருக்கிறதாம், ராபின்சன் வாசகசாலைப் பெயரைச் சொல்லித் தனக்காகத் தோண்டுகிறானாம். உண்மையைச் சொல்லி மறுக்கலாம். ஆனால் ‘நான் தேடுவது புதையலன்று, என்னுடைய அலட்சியத்தால் காணாமற்போன காகிதம்’ என்று நடுச்சந்தியில் நின்று சொல்லும் துணிவு அவனுக்கு இல்லை. வேலிக்கு வெளியே இருபது பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களுள் தங்கய்யனின் பேரன் அனுப்பிய ஆளும் ஒருவன். அவன் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே போனான்.

வெள்ளிக்கிழமை. விசாரணைக்கு இன்னும் மூன்று நாட்கள்.

“இன்னைக்குக் கண்டது மோசமாக்கும்” என்றார் பொன்னையன். “கறுத்த ஒருத்தன். தலை தெரியல்ல, அவ்வளவு ஒயரம். அடுத்த புரையிடத்துல நிக்கியான். அங்க நின்னபடியே ஒரு கையை மட்டும் இஞ்ச நீட்டி எனக்க நெஞ்சில அமுக்கியான். மூச்சு முட்டுது.”

“அடுத்த புரையிடம் ஆருக்கதாக்கும்?”

“கிருஷ்ணன்குட்டிக்கது.”

ராபின்சன் வெளியே வந்து அடுத்த தோட்டத்தைப் பார்த்தான். கிருஷ்ணன்குட்டியின் அயனி மரம் வேலியருகே வானளாவி நின்றது. அதன் தடித்த கொம்பு ஒன்று வேலியைத் தாண்டிப் பொன்னையன் படுக்கும் அறைக்கு மேலே நீண்டிருந்தது. கொம்பின் நடுவே கைந்நுழையும் அளவுக்கு ஒரு பொந்து! அவன் கொம்பை வெட்ட வாள் கொண்டுவரச் சொன்னான்.

“ஏறிப் பாத்தா போராதா? வெட்டணுமா?” என்று சஜி கேட்டான்.

“பொந்து நெடுக உள்ளே போவுது. ஏறிப் பாத்தா வெளியதான் தெரியும்” என்றான் ராபின்சன். மனத்தைப் பற்றிச் சொன்னதா மரத்தைப் பற்றிச் சொன்னதா என்பது சஜிக்கு விளங்கவில்லை. ராபின்சனுக்கும் அந்நேரத்தில் அது தெளிவாக இல்லை.

கிருஷ்ணன்குட்டி அன்று நெய்யாற்றின்கரைக்குப் போயிருந்தார். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று கொம்பை அறுத்தார்கள். அது பொன்னையன் வீட்டுப் பக்கம் விழ வேண்டியது. கயிற்றை இழுத்தவர்களுள் இருவர் ‘இடத்தே’ என்றதையும் இருவர் ‘வலத்தே’ என்றதையும் ஒரே நேரத்தில் கேட்டுத் திணறி, அது கிருஷ்ணன்குட்டியின் கோழிக்கூட்டின் மேல் போய் விழுந்தது. கோழிகள் மேயப் போயிருந்தமையால் பிழைத்தன. பொந்துக்குள் அணில் மயிர் இருந்தது.

நண்பகலில் கிருஷ்ணன்குட்டி வந்தார். கோபம் வந்தால் அவருக்கு மலையாளம் மட்டுமே வரும். மரத்தை வெட்டச் சொன்னது யார் என்று அதிலேயே கேட்டார்.

“எடோ ராபின்சா! என்றே மரம் முறிக்கான் தன்னோடு ஆரு பறஞ்ஞு?”

“சேட்டா, பொன்னையண்ணன் ஒரு சொப்பனம் கண்டு…”

“அயாள் சொப்பனம் கண்டால் என்றே கோழிக்கூடு பொளிக்குமோ?”

ஒருவர் கனவு கண்டதற்கு இன்னொருவர் கோழிக்கூட்டை உடைக்கலாமா என்பதற்கு எந்த மனநல நூலிலும் விடை இல்லை. கிருஷ்ணன்குட்டி நேரே காவல் நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை பிற்பகல் அங்கேயும் வர வேண்டும் என்று ராபின்சனுக்கு அழைப்பு வந்தது. காலையில் ஒரு விசாரணை, பிற்பகலில் இன்னொன்று.

ஜிஜா பெட்டியை எடுத்துக்கொண்டு அம்பூரியிலுள்ள தன் தாய்வீட்டுக்குப் புறப்பட்டாள்.

“எங்க போற?”

“தண்ணி வருத வீட்டுக்கு” என்று சொல்லிப் பேருந்தில் ஏறினாள்.

சனிக்கிழமை பொன்னையன் கனவு எதுவும் சொல்லவில்லை. “ஒண்ணும் காணல்ல மக்கா. ஒடம்புக்கு ஒரு களைப்பு” என்றார். கடைசி வழியும் அடைபட்டதென்று ராபின்சன் இடிந்துபோனான்.

அன்று மாலை பிலிம் சொசைட்டியின் இரண்டாவது படம். செயலாளன் வராமல் இருக்க முடியாது. அதிலும் ஒரு மருத்துவர் இருந்தார். நோயாளியின் கனவுகளுக்கு அவர் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருள் சொல்லிக்கொண்டே போனார். கடைசிக் காட்சியில்தான் தெரிந்தது, குற்றத்தைச் செய்தவரே அந்த மருத்துவர். செய்ததை மறந்துவிட்டு, அதனை நோயாளியின் மனத்துக்குள்ளே தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

ராபின்சன் இருட்டில் எழுந்து நின்றுவிட்டான்.

“உக்காரு ஓய், மறைக்குது” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அவன் உட்காரவில்லை. டின்னைக் கொடுத்தது உண்மை. ஆனால் டின்னுக்குள் காகிதம் இருந்ததா? நகலெடுக்க வேண்டும் என்று எண்ணியிருந்தானே, அதற்காக வெளியே எடுத்திருந்தால்? எடுத்து இயந்திரத்தில் வைத்துவிட்டு வேறு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போயிருந்தால்? ஒருவேளை இந்த வாரம் முழுவதும் தன் குற்றத்தையே பிறர் கிணற்றிலும் கூரையிலும் தேடினானோ? எது நடந்தது, எது நடந்ததாக நினைக்கிறான் என்பதே அவனுக்குக் குழம்பிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆராதனைக்கும் போகாமல், கடையைத் திறந்து நகலெடுக்கும் இயந்திரத்தை ஆணி ஆணியாகக் கழற்றினான். உள்ளே மூன்று குண்டூசிகளும் யாரோ ஒருவருடைய ஜாதகத்தின் கால் பக்கமும் கிடைத்தன. கழற்றியதைத் திரும்பப் பூட்டும் வழி அவனுக்குத் தெரியவில்லை. கறுப்புத் தூள் முகமெங்கும் படிந்த நிலையில் தரையில் உட்கார்ந்திருந்தவனைச் சோனா வந்து கண்டாள்.

“சோனா, நேத்து நானும் ஒரு சொப்பனம் கண்டேன். இந்த மெஷின் வாசகசாலையை அப்படியே முழுங்குது. அடுத்த பக்கம் வெள்ளைக் காயிதமா வருது. இதுக்கு என்ன அர்த்தம் பிள்ளே?”

அவள் அவனருகே தரையில் உட்கார்ந்தாள்.

“இதுக்கு அர்த்தம் தேடவே வேண்டாம் அண்ணா. உங்களுக்குப் பயம். தப்பு பண்ணிட்டோம்னு வேதனை. ஒரு வாரமா அதை ஆருட்டயும் சொல்லாம மண்ணைத் தோண்டிட்டு இருக்கியள்.”

“நான் என்ன செய்ய?”

“நாளைக்குப் போயி உள்ளதைச் சொல்லுங்க. தங்கய்யனுக்க பேரனும் மனுசன்தானே? சொல்லிப் பாருங்க. ஆனா அதுக்கு முந்தி பொன்னையன் மாமனிட்ட ஒரு மன்னிப்புக் கேளுங்க. வயசான மனுசனைப் போட்டு ஒரு வாரம் பாடாப்படுத்தியாச்சு.”

அது நியாயமாகப் பட்டது. முகத்தைக் கழுவக் கடையில் நீர் இல்லை. அப்படியே நடந்தான்.

பிற்பகல் மூன்று மணி. பொன்னையன் அப்போதுதான் உச்சியுறக்கம் கலைந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் ஏதோ கவலை தெரிந்தது. அதனைக் கண்டதும் ராபின்சனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அண்ணே, போதும். இனி சொப்பனம் ஒண்ணும் வேண்டாம்.”

“அய்யோ, ஏன் மக்கா?” பொன்னையன் திடுக்கிட்டார்.

“தப்பு எனக்கதாக்கும். நகலெடுக்காம விட்டது நான். அந்த டின்னுக்குள்ள பேப்பரை வச்சேனான்னே எனக்கு இப்போ ஒறப்பு இல்ல. நாளைக்கு எல்லாரும் இருக்கயில இதைச் சொல்லப்போறேன். உங்க பேரை எடுக்க மாட்டேன். அதோட செயலாளர் பதவியையும் விட்டுடுவேன். முப்பது வருஷம் நீங்க காத்த எடத்தை நான் ஒரு மழையில தொலைச்சேன்.”

அவன் பொன்னையனின் கையைப் பற்றிக்கொண்டான். “இந்த ஒரு வாரம் ஒறக்கத்துலயும் உங்களை நிம்மதியா இருக்க விடல்ல. அதுக்கு என்னை மன்னிக்கணும் அண்ணே.”

பொன்னையன் நெற்றியைத் தேய்த்தார். வாசல் வழியே வானத்தைப் பார்த்தார். மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. பிறகு எதையோ தீர்மானித்தவர்போல் எழுந்தார்.

“கொஞ்சம் இரு மக்கா. போயிராத. இப்போ வாறேன்.”

உள்ளே போய்விட்டார். சமையலறையில் மாமனாரும் மருமகளும் தாழ்ந்த குரலில் ஏதோ வாதாடுவது கேட்டது. “நீங்களே போய்ச் சொல்லுங்க” என்று ஒருமுறை அவள் குரல் உயர்ந்தது. “எனக்குச் சொல்ல மடியாக்கும்” என்று தயங்கும் அவர் குரல் கேட்டது. முதியவரை அழவைத்துவிட்டோமோ என்று ராபின்சன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டான்.

ஸ்ரீகுமாரி கட்டன்சாயாவுடன் வந்தாள். அந்த வாரம் முழுவதும் கிணற்றடியிலும் கூரையடியிலும் தோட்டத்திலும் எல்லாருக்கும் தேநீர் கொடுத்தவள். ஒருமுறைகூட வாய் திறக்காதவள். கோப்பையை அவன் முன்னே வைத்துவிட்டு, முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

“என்ன பிள்ளே? அண்ணன் அழுகியாரா?”

அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

“பேப்பர் திங்களாச்ச அந்திக்கே பரண்ல இட்லிச் செம்புக்குள்ள இருந்து கிட்டியாச்சு அண்ணே, நாளைக்குக் காலத்த மாமா கையில தந்துருவாரு, மழைக்கு முந்தி நீங்க குவிச்ச மண்ணுல மரச்சீனிக் கெழங்கு நட எரு சுமந்து போடுத ஒரு வேலைதான் பாக்கி, உச்சைக்கு எவ்வளவு ஒறங்கிப் பாத்தும் அதுக்கு என்ன சொப்பனம் சொல்லணும்னு மாமாவுக்குத் தோணல்லியாம், உங்களிட்டயே கேட்டுட்டு வரச் சொன்னாரு.”